தேதி தொலைந்த குறிப்புகள்

பய்சந்தூ நகரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் மிர்தா, மகன் லீபெருக்கு வலிப்பு வரும்போதெல்லாம் கணினியில் ஒரு குறிப்பு எழுதிவைப்பாள். நான்கு வருடப் பழக்கம். தேதி மட்டும் எழுதியதில்லை. அதை இயந்திரமே ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

கணினி பழையதாகி விண்டோஸ் மந்தமானபோது, பக்கத்து வீட்டு மில்தோன் லினக்ஸ் போட்டுத் தந்தார். தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். குறிப்புகளைத் தனித்தனிக் கோப்பாகப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு, புதியதில் ஏற்றினார். ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆனால் எல்லாக் கோப்புகளும் போன சனிக்கிழமைத் தேதியையே காட்டின.

"யோவ் மில்தோன், எம்புள்ள நாலு வருஷமா விழுந்ததெல்லாம் ஒரே சனிக்கிழமையிலயா?"

"எழுத்து பத்திரமா இருக்குல்ல?"

"எழுத்த வெச்சுக்கிட்டு என்னய்யா பண்றது? மருந்து மாத்தின பெறகு கொறைஞ்சிருக்கான்னு வியாழக்கிழமை டாக்டரம்மா கேப்பாங்க."

குறைந்திருக்கிறது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். பழைய மாத்திரையில் லீபெர் பாதி நாள் தூங்கியே கழித்தான். இப்போது செடிப் பண்ணையில் வேலைக்குப் போகிறான், சிரிக்கிறான். வலிப்பு குறையவில்லை என்றால் டாக்டர் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுவார்.

குற்ற உணர்வோடு கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்த மில்தோன் ஓரிடத்தில் நிறுத்தினார். 'ஆலங்கட்டி மழை. தோர்த்தா பொரிக்கும்போது விழுந்தான்.' மழை பெய்தால் அந்த ஊரில் மாவு பிசைந்து தோர்த்தா பொரிக்காத வீடு இல்லை. மில்தோனோ முற்றத்து மழைமானியைப் பார்த்து, இருபது வருடமாக ஒவ்வொரு மழையையும் நோட்டில் எழுதுகிறவர். தெருவே அதற்காக அவரைக் கேலி செய்யும்.

மூன்று சாயங்காலம், மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கைமாற்றிக்கொண்டே, குறிப்பில் இருந்த மழையை நோட்டில் இருந்த மழையோடு பொருத்தி ஒரு தாளில் எழுதினார்கள். மழை நாள் குறிப்புகளில் நாற்பதுக்குத் தேதி கிடைத்தது. மருந்து மாற்றுமுன் இருபது மாதத்தில் இருபத்தொன்று. மாற்றியபின் இருபது மாதத்தில் பத்தொன்பது.

"ரெண்டு கொறைஞ்சிருக்கேம்மா."

"ஒம்ம நோட்டப் பாரும். மருந்து மாத்தின பெறகு மழையே கம்மி."

குறிப்புகளை வரிசையாக மறுபடி படித்தாள். முதல் வருடத்தில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம்: உதடு எப்படி நீலமானது, விழித்ததும் அவன் என்ன கேட்டான், தான் எங்கே நின்று அழுதாள். கடைசி வருடத்தில், 'மழை. தோர்த்தா. விழுந்தான். இரண்டு நிமிடம்.' இத்தனை நாளும் குறைந்துகொண்டே வந்தது அவள் எழுத்துதான். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த அலுப்பை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

லீபெர் மண் அப்பிய கையோடு உள்ளே வந்தான். "என்னம்மா, ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி? சாப்பிட என்ன இருக்கு?"

"மொதல்ல கையக் கழுவு."

அவன் நகர்ந்ததும் மில்தோன் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தாள நீ காட்டணும்னு கட்டாயமா என்ன? கம்ப்யூட்டர் மாத்தினதுல தேதி போச்சுன்னு சொல்லிடு. தப்பு எம்மேல. நான் வேணா வந்து சொல்றேன்."

குழாயடியில் லீபெர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பழைய மாத்திரைக் காலத்தில் அந்தச் சத்தம் வீட்டில் இருந்ததில்லை.

மிர்தா தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "காட்டத்தான் போறேன். அடியில எழுதும். நல்லா முழிச்சிருக்கான், வேலைக்குப் போறான், பாடறான். அதுவும் நெசந்தானே."

அவர் பேனாவை எடுத்தார்.

"இன்னிக்குத் தேதி போட்டு எழுதும்."