டீச்சருக்காகச் சுட்ட மிளகாய்

வசந்தாதேவிக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், அந்த உடற்பயிற்சி டீச்சரின் பெயரைக் கேட்டாலே எரிந்தது. பத்து வயது மகள் நிருஷாவின் வாயிலோ வேறு பெயரே வருவதில்லை.

கடல் வந்த அன்று நிருஷாவுக்கு நாலு வயது. புருஷனை அலை கொண்டுபோக, இவள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாவிப் பக்கம் ஓடித் தப்பினாள். அகதி முகாமில் பிள்ளை ஒரு துண்டுப் பாணுக்கு அழுத அழுகையைக் கேட்டவள், இனி இது பசி அறியக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டாள். களுதாவளை வெற்றிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்று, தயிரும் சீனியுமாக ஊட்டி ஊட்டி வளர்த்தாள். கொழுகொழு கன்னத்தை ஊர் மெச்சினால் பெருமை தாங்காது.

நாட்டில் சண்டை ஓய்ந்த மறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எடை நிறுத்துப் பார்த்தார்கள். படி ஏறினாலே மூச்சு வாங்குகிற பருத்த பிள்ளைகளைப் பின்னேரங்களில் விளையாட வைக்கச் செங்கலடியிலிருந்து சுதர்சனா என்ற இளம் டீச்சர் வந்தாள். கயிறடித்தல், கிளித்தட்டு, மைதானத்தைச் சுற்றி ஓட்டம். மெலிய வேண்டும் என்ற பேச்சையே அவள் எடுப்பதில்லை. மூச்சு இளைக்காமல் ஓடினால் போதும் என்பாள். தாய்மாரும் வரலாம் என்றும் சொல்லி அனுப்பினாள். வசந்தாதேவி போகவில்லை.

மகள் தயிர்ச்சட்டியைத் தள்ளினாள்.

"டீச்சர் சொன்னவ, ஒரு கரண்டி போதுமாம்."

"உன்னப் பெத்தது டீச்சரா?"

"இல்ல," என்றாள் நிருஷா, கயிற்றைத் தேடிக்கொண்டே.

ஒரு தாய்க்கு அந்த 'இல்ல' போதுமா? மறுநாள் பள்ளிக்கூட வேலியோரம் மறைந்து நின்று பார்த்தாள். டீச்சர் தன் லேஞ்சித் துணியால் நிருஷாவின் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். மகள் கலகலவென்று சிரித்தாள். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை இவள் கேட்டதே இல்லை. பெற்றதும் சுமந்ததும் நான், சிரிப்பு மட்டும் டீச்சருக்கா? பிள்ளையின் கன்னம் வேறு வடிந்துவிட்டது. டீச்சரின் கண்ணூறுதான், பின்னே வேறென்ன? அதைக் கழித்துவிட்டு, நாளையிலிருந்து மகளை மறித்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

பொழுதுபட மகளை நிறுத்தி, காய்ந்த மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணூறு பட்டிருந்தால் மிளகாய் கமறாது, ஊருக்கே தெரிந்த விஷயம். கமறக்கூடாது பிள்ளையாரே என்று மன்றாடிக்கொண்டு, டீச்சர் மேலிருந்த கோபத்தில் ஒரு பிடியே அள்ளிப் போட்டு, நெடி இல்லையென்று உறுதிப்படுத்த முகத்தையும் அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கமறியது பாருங்கள், அப்படி ஒரு கமறல். கண்ணூறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருமி இருமி மூச்சு நின்றுவிடும்போல் ஆகிவிட்டது.

நிருஷா தாயின் கக்கத்தில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்துப்போனாள். கிணற்றடிக்கு ஓடினாள், செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவளுக்கு மூச்சு இளைக்கவே இல்லை.

"வாயால இழுக்காதீங்கம்மா. மூக்கால மெல்ல இழுத்து வாயால விடுங்க. மறுகா ஒருக்கா. ஆ, கெட்டிக்காரி."

அது டீச்சரின் பேச்சு. அந்தக் 'கெட்டிக்காரி'யும் டீச்சருடையதுதான். வசந்தாதேவிக்கு அது தெரிந்தது, தெரிந்து உள்ளே சுட்டது. ஆனாலும் மகள் சொன்னபடியே இழுத்து விட்டாள். மூச்சு வந்தது. மகளின் கை முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் நான் போகட்டா அம்மா?"

"போ. நானும் வாறன்."

"டீச்சருக்குச் சந்தோசமா இருக்கும்."

"அவக்கு எப்படி இருந்தா எனக்கென்ன. எனக்கு நீதான் சொல்லித் தரோணும் புள்ள. அவ எனக்குக் கிட்ட வரப்படா."