மத்தளம் கேட்ட பேத்தி

14.06.2025, சனிக்கிழமை, மாலை 4.10 மணி

1. பள்ளித் தெரிவு

இன்று காலை 9.20க்கு, பதினாறு வயதுப் பேத்தியை மட்டக்களப்புக் கலைப்பள்ளி ஒன்றின் நேர்முகத்துக்கு அழைத்துச் சென்றேன். கூத்துக்கு மத்தளம் பயில வேண்டும் என்றாள்.

"அது ஆம்பிளையள்ட வேலை. நீ ஆடு புள்ள," என்றார் ஆசிரியர்.

"அப்ப நான் வேற பள்ளி பாக்கிறன் சேர்."

நான் வரிசையாக அடுக்கிய சான்றிதழ்க் கோப்பை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"நில்லு! அடிச்சுக் காட்டிற்றுப் போ," என்றார் ஆசிரியர்.

அங்கிருந்த மத்தளத்தில் வடமோடிக் கூத்தின் தாளமொன்றை அடித்தாள். மேசைக்கடியில் ஆசிரியரின் கால் ஆடத் தொடங்கியது.

"திங்கக்கிழமையே வந்து சேரு புள்ள."

"யோசிச்சுச் சொல்றன் சேர்."

தெரிவு செய்தது எந்தத் தரப்பு என்பதை நண்பர்களே கூறுக.

இணைப்புகள்: பேத்தியின் படம் ஒன்று, ஆசிரியரின் கால் தெரியும் காணொளி ஒன்று.