குளத்தின் மேல் விரித்த படங்கு

நான்தான் மறைத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை டெங்குக் காய்ச்சலில் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நுளம்பு எங்கே பெருகியதென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வருடங்கள் வாயைத் திறக்கவில்லை!

போன வெள்ளிக்கிழமைதான் திறந்தேன். அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இப்படிச் சொல்வது உங்களுக்கு வெட்கங்கெட்டதனமாகத் தெரியலாம்... தெரியட்டும்.

என் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஊற்று உண்டு. அது தேங்கும் இடத்தை நானே வெட்டிச் சிறு குளமாக்கினேன். சீமெந்து கிடையாது. அல்லி, கப்பி மீன், தவளை, தும்பி எல்லாம் உண்டு. மடுல்சீமைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனுக்குச் சொந்த நிலத்தில் ஒரு குளம்! அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அதில் நுளம்பு இல்லை. நுளம்புக் குடம்பியை, தண்ணீரில் நெளிகிற அந்தப் புழுவை, மீனும் தும்பிக் குஞ்சும் விட்டுவைக்காது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். பிள்ளைகளுக்குப் படம் கீறி விளக்கியிருக்கிறேன்.

ஆனாலும் பயந்தேன். டெங்குப் பரிசோதனைக்கு வீடு வீடாக வருகிறார்களென்று ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ சொல்லிக்கொண்டு போனது. குளத்தை மூடச் சொல்வார்களோ? மாஸ்டர் வீட்டிலேயே நுளம்பாம் என்று ஊர் சிரிக்குமோ? மழைக்கு மூடுகிற நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒன்றை எடுத்துக் குளத்தின் மேல் விரித்தேன். ஓரங்களில் கல் வைத்து, மேலே வாழைச் சருகைப் பரப்பினேன்.

பரிசோதகருக்கு என் கையாலேயே தேநீர் கொடுத்தேன். “பின்னால ஒண்ணுமில்லங்க, கீரைப்பாத்திதான்,” என்றேன். அவர் நம்பிவிட்டார். அழைத்துப்போய் மீனைக் காட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்!

மறுபடியும் வருவார்களென்று ஒரு மாதம் படங்கை எடுக்கவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது.

பக்கத்து வீடு ரிஸ்வானாவுடையது. கணவருக்குப் பஜாரில் துணிக்கடை. ரிஸ்வானா முற்றம் நிறைய அந்தூரியம் வளர்த்தாள். அவளுடைய எட்டு வயது மகள் சஹ்லாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள்.

அன்று மாலை ஓடிப்போய்ப் படங்கைப் பார்த்தேன். அதன் மடிப்புகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீர் முழுக்கக் குடம்பிகள்... நெளிந்து நெளிந்து! கீழே மீன்கள், மேலே நுளம்பு, நடுவில் நான் விரித்த படங்கு. தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டுப் படங்கை எரித்தேன்.

பரிசோதகர் மறுபடி வந்தார். ரிஸ்வானாவின் பூச்சட்டிகளுக்கு அடியிலிருந்த தட்டுகளில் தண்ணீர் இருந்தது. குடம்பி ஒன்றுமில்லை. ஆனாலும், “இப்படி வச்சா வராம என்ன செய்யும்?” என்று கடிந்துகொண்டார். நான் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சஹ்லா பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த அன்று ரிஸ்வானா சட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தாள். “எண்ட புள்ளைய நானே சாகக் குடுக்கப் பாத்தேனே சேர்,” என்று அழுதாள். “அப்படி நெனைக்காதீங்க தங்கச்சி,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்! என்ன மனிதன் நான்?

கடித்த நுளம்பு என்னுடையதுதான் என்று யாரால் நிரூபிக்க முடியும்? அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் இத்தனை நாளும் ஒளிந்திருந்தேன். ரிஸ்வானாவோ பிள்ளையை முற்றத்தில் இறங்கவிடுவதில்லை. ஒரு தும்மல் கேட்டாலும் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

போன வெள்ளிக்கிழமை சஹ்லாவுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. ரிஸ்வானா வேலியோரம் வந்து நின்றாள். “இந்தத் தடவ நான் என்ன பிழை விட்டேனோ தெரியல்ல சேர்,” என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“உங்க தட்டுல ஒரு புழுகூட இல்ல தங்கச்சி. எங்க வீட்டுப் படங்குலதான் இருந்துச்சு. நான் மறைச்சுட்டேன்.” எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, “அப்ப... நான் இல்லையா?” என்றாள்.

“இல்ல.”

“நான் இல்லையா சேர்?”

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சொன்னேன். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக மகளைக் கூப்பிட்டாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து என் நெஞ்சும் லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அப்படியொரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை!

அன்றிரவு அவள் கணவர் வந்தார். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

“ஒரு வார்த்த தானே சேர்? அத சொல்ல ரெண்டு வருஷமா?”

நிம்மதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில்... உங்களிடம் இருக்கிறதா?