காட்டேரிகளின் சபையில் எங்கள் மூன்று வாக்குகள்

சிறுநீரகங்கள் செயலிழந்த பின்னர், வாரத்தில் மூன்று காலைப்பொழுதுகளை பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்தின் சாய்வு நாற்காலியில் கழித்து வருகிறேன். இடக்கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே இரத்தம் வெளியேறி, இயந்திரத்தில் சுத்தமாகி, மற்றொன்றின் வழியே உடலுக்குத் திரும்புகிறது. அத்தகைய இடத்தில் இரத்தக்காட்டேரிக் கதையொன்று எனக்குத் துணையாயிற்று என்றால் சிலர் நகைக்கக்கூடும். நகைத்தாலும் பிழையில்லை, நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

எனக்கு வலப்புறம் இருந்தவர் வங்கிப் பணியை உடல்நலம் கருதி விட்டுவிட்ட ஒரு பெண்மணி. இடப்புறம் இருந்தவர் சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் அன்பர்; எங்களுக்கு அவர் பாய். ஒருநாள் அப்பெண்மணி கைபேசியைப் பார்த்துத் தனியே சிரித்தார்.

“என்னம்மா, எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?” என்றார் பாய்.

“காட்டேரி கேம், பாய். இவன் ரெண்டு நாளா ரத்தம் குடிக்கல. போற வர்ற ஆளையெல்லாம் பார்த்து நாக்கைத் தொங்கப் போடறான்.”

“அப்போ நம்ம ஆளு லா. இவனுக்கும் டாக்டர் தண்ணிய அளந்து கொடுத்திருக்காரு போல.”

மூவரும் சிரித்தோம். எங்களைப் போன்றோர் நாளொன்றுக்குச் சில குவளைகளுக்கு மேல் நீர் அருந்தலாகாது. பினாங்கு வெயிலில் ஒரு பனிக்கட்டியை வாயிலிட்டு, அது கரையாதிருக்க வேண்டுமென்று விரும்பியவர்கள் நாங்கள். அந்தக் காட்டேரியின் தாகத்தை விளக்க எங்களுக்கு உரை தேவைப்படவில்லை.

அவ்விளையாட்டில் படமில்லை, ஓசையில்லை. முழுதும் ஆங்கில எழுத்து. புதிதாகக் காட்டேரியாக்கப்பட்ட இளைஞன் ஒருவன் பெருநகரமொன்றின் அரசியலில் அகப்படுகிறான். பக்கத்துக்குப் பக்கம் அவன் செய்யவேண்டியதைப் படிப்பவரே தெரிவு செய்ய வேண்டும். அதற்கேற்பக் கதை திசைமாறும். நகரை ஆளும் பழைய அரசவை ஒரு தரப்பு. அதைக் கவிழ்க்கத் துறைமுகத்தில் கூடும் கலகக்காரர் இன்னொரு தரப்பு. எவரோடும் சேராமல் தனித்துத் திரிவோர் மூன்றாம் தரப்பு. பெண்மணி ஒவ்வொரு பக்கத்தையும் எங்கள் பேச்சுத்தமிழில் சொல்வார். பின்னர் மூவரும் ஊசி ஏறாத கையின் விரல்களை ஒரே வேளையில் உயர்த்தி வாக்களிப்போம். அரசவைக்கு ஒரு விரல், துறைமுகத்துக்கு இரண்டு, தனித்தவர்க்கு மூன்று. இரண்டு வாக்குகள் ஒத்தால்தான் அவர் திரையைத் தொடுவார்.

பாய் எப்போதும் அரசவைக்கே விரல் உயர்த்தினார். “கடை நடத்துறவன் கவர்மெண்ட்டோட சண்டை போட மாட்டான் லா,” என்பது அவர் நியாயம். பெண்மணி துறைமுகத்தின் பக்கம். நான் மூன்று விரல்களையே காட்டினேன். கோயில் நிர்வாகத்தில் இரு அணிகளுக்கும் நடுவே நெடுநாள் அல்லற்பட்ட பழக்கம் அது. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் பேரம் நடந்தது.

“அண்ணே, இந்த ஒரு தடவை நம்ம பக்கம் வாங்க. நர்ஸ் மிஸ்ஸிகிட்ட சொல்லி டிவியில உங்க நியூஸ் சேனல் வைக்கச் சொல்றேன்,” என்றார் பாய்.

“அங்கிள், நம்பாதீங்க. ரிமோட் என்கிட்டதான் இருக்கு,” என்றார் பெண்மணி.

நியூஸ் சேனலுக்காக நான் இருமுறை கட்சி மாறியதுண்டு.

அவர்கள் அறியாத ஒன்று என் உள்ளத்தில் இருந்தது. தைப்பூசம் கழிந்ததும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வதாக மருத்துவரிடம் கூறிவிட எண்ணியிருந்தேன். என் மகள் கடலுக்கு அக்கரையில், நாங்கள் குடியிருக்கும் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறாள். என்னை அழைத்துச் செல்வதற்காக ஷிப்ட் மாற்றி, பாலம் கடந்து காரோட்டி வருவாள். திரும்பும்போது சிவந்திருக்கும் அவள் கண்களைக் காணுந்தோறும் என் ஆயுளை அவள் உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வதாகத் தோன்றியது. அவள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரமாயிற்று.

தைப்பூசத்துக்கு முந்திய அமர்வில் கதை உச்சத்தை அடைந்தது. காட்டேரிகளின் பெருஞ்சபை கூடியிருக்கிறது. இளைஞன் நடுவில் நிற்கிறான். எந்தத் தரப்பு என்று அறிவித்தாக வேண்டும். அறிவித்தபின் மாற இயலாது. விரல்களை உயர்த்தினோம். ஒன்று, இரண்டு, மூன்று. எவரும் இறங்கி வரவில்லை. அதற்குள் என் இயந்திரம் நேரம் முடிந்ததென்று ஒலித்தது.

“வியாழக்கிழமை திரும்ப ஓட்டு,” என்றார் பெண்மணி.

“நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவெடுத்துக்குங்கம்மா,” என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். “ஏன், வியாழக்கிழமை நீங்க எங்க போறீங்க?”

நான் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒருவர் இனி வரமாட்டார் என்றால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. அதே கூடத்தில் சில நாற்காலிகள் காலியானதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

“நான் தொட மாட்டேன், அங்கிள்,” என்றார் பெண்மணி. “நீங்க வர்ற வரைக்கும் அவன் அந்தச் சபையில தாகத்தோட நின்னுக்கிட்டே இருப்பான். அப்புறம் உங்க இஷ்டம்.”

தைப்பூசத்தன்று மகளோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சென்றேன். மலையேற வலுவில்லை, அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தலின் ஓரமாக அமர்ந்திருந்தோம். அன்றே மகளிடம் கூறிவிட வேண்டுமென்று சொற்களைக் கோத்து வைத்திருந்தேன். காவடிகள் கடந்து சென்றன. பந்தலில் இருந்தவர்கள் வழங்கிய மோரை நான் ஒரு வாய் மட்டும் அருந்த, மிச்சத்தை மகள் குடித்தாள். அந்நேரத்தில் என் மனம் முருகனிடமும் இல்லை, நான் கோத்த சொற்களிலும் இல்லை. சபை நடுவே நிற்கும் ஒருவனை நினைத்துக்கொண்டிருந்தது. அவன் என்ன ஆவான் என்று அறிய விரும்பினேன். நெடுநாட்களுக்குப் பின் வரப்போகும் நாளில் ஏதோ ஒன்றை நான் விரும்பினேன் என்பது எனக்கே வியப்பாயிருந்தது.

“வியாழக்கிழமை ஷிப்ட் மாத்திட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“அது எப்பவோ மாத்தியாச்சுப்பா. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

வியாழனன்று நான் உள்ளே நுழைந்தபோது பாய் தலையை அசைத்தார். ஊசிகள் ஏறின. பெண்மணி கைபேசியை எடுத்தார். அவருக்கும் பாய்க்கும் நான் பட்ட கடனுக்கு வேறு கைம்மாறு தெரியாமல், அவ்விருவரில் மூத்தவரான பாயின் அரசவைக்கே இம்முறை வாக்களிப்பதென்று வழியிலேயே தீர்மானித்திருந்தேன். மூவரும் விரல் உயர்த்தினோம். என் கையில் ஒரு விரல். பெண்மணியிடம் இரண்டு. பாயின் கையில் மூன்று.

“என்ன அண்ணே இது?” என்றார் பாய். “உங்களை ஜெயிக்க வைக்கணும்னு நான் கட்சி மாறினா, நீங்க என் கட்சிக்கு வந்துட்டீங்க.”

“நீ ஏன்மா மாறல?” என்று பெண்மணியிடம் கேட்டேன்.

“எனக்குக் கொள்கை இருக்கு, அங்கிள்,” என்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்க, அவருடைய இயந்திரம் அலறியது. மிஸ்ஸி ஓடிவந்து கையை அசைக்கக் கூடாதென்று கடிந்துகொண்டார்.

மீண்டும் சிக்கல். சனிக்கிழமை மறுவாக்கு என்று தீர்மானமாயிற்று.

மருத்துவரிடம் நான் எதுவும் கூறவில்லை. திரும்பும் வழியில் பாலத்தில் வாகன நெரிசல். கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மகளிடம் காட்டேரிக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, “நானா இருந்தா துறைமுகம்தான்ப்பா,” என்றாள்.

அவளுக்கு வாக்குரிமை இல்லை என்றும், சனிக்கிழமை சற்று முன்னதாகவே புறப்பட வேண்டுமென்றும் கூறினேன்.