மெமரியில் இருந்த நாட்கள்

தாணுலிங்கத்துக்குக் கால்குலேட்டர் கிறுக்கு. திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகிற தெருவில் அவருடைய ஃபேன்சி கடை. முன்னால் சாவிக்கொத்தும் பலூனும் லேசர் லைட்டும் சரம் சரமாகத் தொங்கும். பின்னறைக்குள் எட்டிப் பார்த்தால் அலமாரி நிறையப் பழைய கால்குலேட்டர்கள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. கப்பலில் போனவர்கள், சவூதியில் இருந்தவர்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்தவை பாதி. இதில் எண் சிவப்பாக எரியும், அதில் பச்சையாக எரியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை வைத்திருப்பார். ‘போன்லயே கணக்குப் போடலாமே’ என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அந்த ஆளுக்கு அன்றைக்குக் கடையில் சாமான் கிடையாது.

அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். மெஷின் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கடற்கரை ஊர், உப்புக்காற்று. பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துவிட்டால் மெஷினைத் தலை முழுக வேண்டியதுதான். அப்படி நல்ல மெஷின்கள் ஏழெட்டைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் வந்த சட்டம் அது. இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றில்கூடப் பேட்டரி இல்லை. கழற்றிய பட்டன் பேட்டரிகள் எல்லாம் மேசையடியில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன, நூற்றுக்கணக்கில்.

போன மாசியில் ஒரு நாள் முற்பகல், காயல்பட்டினத்திலிருந்து ஹாஜரா பீவி வந்தார். கைக்குட்டையைப் பிரித்து ஒரு மெலிந்த ஜப்பான் கால்குலேட்டரை எடுத்தார். அவருடைய கணவர் யஹ்யாவுடையது. யஹ்யா முப்பது வருஷம் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும், வீட்டில் இருந்த நாட்களை அதன் மெமரியில் கூட்டி, மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவாராம். சேர்ந்து இருந்த நாட்கள், அவ்வளவுதான் கணக்கு. பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அந்த நாள் கணக்கில் சேராது என்று கேலி வேறு செய்வாராம்.

கடைசி லீவுக்கு முன்னால் வரை ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு. அந்த லீவு நாற்பத்திரண்டு நாள். இனிமேல் போகமாட்டேன் என்று வந்தவர், திரும்பவும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது தெரிந்ததும் ஹாஜரா பீவி பேச்சை நிறுத்திவிட்டார். கடைசிப் பத்து நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. யஹ்யாவும் அந்தத் தடவை மெஷினைக் காட்டாமலே கிளம்பிவிட்டார். போன ஐந்தாம் மாதம் அங்கேயே மவுத்தாகிவிட்டார், அடக்கமும் அங்கேயே. துணிமணியோடு பெட்டியில் வந்தது இந்தக் கால்குலேட்டர்.

இரண்டு வருஷமாக ஹாஜரா பீவி அந்த மெமரியை எடுத்துப் பார்க்கவில்லை. தப்பாக அமுக்கினால் அழிந்துவிடுமோ என்று ஒரு பயம். அந்தப் பத்து நாளை அவர் விட்டிருப்பாரோ என்பது அதைவிடப் பெரிய பயம். இப்போது மெஷினைப் போட்டால், மெமரியில் எண் இருக்கிறது என்று திரையின் ஓரத்தில் காட்டுகிற ‘எம்’ மங்கிக்கொண்டே வருகிறது.

“அழியாம பேட்டரி மாத்தித் தரணும் அண்ணாச்சி. மாத்தின பொறவு பாத்துக்கிடுதேன்.”

இரண்டு வயர் கொடுத்து, வெளியிலிருந்து கரண்டை நிறுத்தாமல் மாற்றிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று தாணுலிங்கம் தைரியம் சொன்னார். புதுப் பேட்டரி அட்டை தீர்ந்துவிட்டது, நாளைக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்துவிடும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். ஹாஜரா பீவி ஆஃப் செய்து வைத்திருந்த மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். தாணுலிங்கம் அதை அலமாரியில் வைக்கப் போனார்.

டின்னுக்குள் சலங்கென்று சத்தம் கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. இருநூறு மெஷினுக்குச் செய்த வேலையை அவர் கை இதற்கும் செய்துவிட்டது. மூன்று பேட்டரியும் டின்னுக்குள் கிடந்த குப்பையோடு குப்பையாகிவிட்டன.

அடப் பாவி! இதே ரகத்தில் அவரிடமும் ஒன்று உண்டு, சோதித்துப் பார்த்திருக்கிறார். பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே மிச்சமிருக்கிற கரண்டில் மெமரி ஒரு நிமிஷம் தாங்கும், அதற்கு மேல் நிச்சயமில்லை. டின்னைக் கவிழ்த்தார். எல்லாம் ஒரே மாதிரி. எதை எடுக்க? மற்ற மெஷினிலிருந்து எடுக்கலாம் என்றால், பெரிய சட்டம் போட்டு எல்லாவற்றையும் காலியாக வைத்திருக்கிறாரே. நல்ல புத்திதான் என்று தன்னையே வைதார்.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த ஹாஜரா பீவி மெஷினை எடுக்கக் கை நீட்டினார்.

“தொடாதீங்க! பட்டன்ல விரலு பட்டா மிச்சமிருக்க கரண்டும் போயிரும்!”

கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினார். லேசர் லைட். அதற்குள்ளும் இதே பேட்டரிதான், மூன்று. ஒன்றைப் பிடித்து இழுத்ததில் சரமே அறுந்து கொட்டியது. மூடி இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத் திருகினார். அவசரத்தில் முதல் பேட்டரி மெஷினுக்குள் தலைகீழாக விழுந்தது. அதை நிமிர்த்தி, மற்ற இரண்டையும் அழுத்தி மூடினார். இருபது வரை எண்ணியது ஞாபகமிருந்தது. அதற்கப்புறம் எத்தனை ஆனது என்று தெரியவில்லை.

பொய் சொல்லிச் சமாளிக்க ஒரு வினாடி மனசு ஓடியது. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

“யம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். பழக்கத்துல பேட்டரியக் கழட்டிட்டேன். அழிஞ்சிருந்தாலும் அழிஞ்சிருக்கும்.”

ஹாஜரா பீவி திட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கச் சொல்லித் தலையை மட்டும் அசைத்தார்.

தாணுலிங்கம் பட்டனை அமுக்கினார். திரையில் ஒரு பூஜ்யம் வந்தது. அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது, ஏனென்றால் ஓரத்தில் சின்னதாக ‘எம்’ நின்றிருந்தது. மெமரிப் பட்டனைக் காட்டி, நீங்களே அமுக்குங்கள் என்று மெஷினை நீட்டினார். ஹாஜரா பீவி அமுக்கினார்.

1388.

தாணுலிங்கம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். ஒரு நாள்கூடக் குறையவில்லை.

“பேசாத பத்து நாளையும் சேத்துட்டாங்க அண்ணாச்சி.” ஹாஜரா பீவி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அவங்க என்கூடத்தான் இருந்திருக்காங்க. நான்தான் இல்லாமப் போயிட்டேன்.”

தாணுலிங்கம் வாசலில் இறைந்து கிடந்த லேசர் லைட்டுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.