கூட்டாளிக்கும் சோழி உண்டு

ஒரு மனுஷன் எப்படிப்பட்டவன் என்று தெரியவேண்டுமானால் அவன் கையில் நாலு புளியங்கொட்டையைக் கொடுத்து, "இவங்க உன் ஆளுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் என் அத்தானை அப்படித்தான் பார்த்தேன். பார்த்ததிலிருந்து அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. செத்தும் போய்விட்டார், இன்னும் ஆகாது.

மெர்டேக்கா, அதான் மலாயா சுதந்திரம், கிடைத்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். எனக்குப் புதிதாகக் கல்யாணமாகி, நானும் என் வீட்டுக்காரரும் மலாக்கா காஜா பேராங்கில் அக்கா வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அக்கா புருஷனான அந்த அத்தானுக்குச் சொந்தமாக ஒரு பழைய லோரி. பாசார் சந்தையிலிருந்து அரிசி, உப்பு, கருவாடு ஏற்றிக்கொண்டு செங் ஊர் தாண்டி ரப்பர் தோட்டத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். என் வீட்டுக்காரர் அவருக்குக் கெலிண்டான். மூட்டை தூக்குவது, கயிறு கட்டுவது, லோரி பின்னால் வரும்போது நின்று வழி சொல்வது எல்லாம் கெலிண்டான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை லோரி ஓடாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு பேரும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தாயம் ஆடுவோம். அது அலுத்துப்போய் நாங்களே ஒரு ஆட்டம் கட்டினோம். அக்கா சாக்பீஸால் தரையில் காடு, ஆறு, மலை, பாலம் எல்லாம் வரைவாள். வழியில் என்ன வருகிறது என்று சொல்வதும் அவள்தான். மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தலைவன். தலைவனுக்கு ஒரு சட்டைப் பொத்தான். அவனோடு போகும் கூட்டாளிகளுக்குப் புளியங்கொட்டை. "புலி வந்துருச்சு, என்ன செய்யப்போறீங்க?" என்று அக்கா கேட்பாள். நாங்கள் சொல்வோம். சொன்னது நடந்ததா இல்லையா என்று சோழியை உருட்டிப் பார்ப்போம்.

அத்தானுக்கு ஆறு வந்தால், "ரெண்டு பேரு எறங்கி ஆழம் பாருங்க." புலி வந்தால், "ஒருத்தன் முன்னால போ." பாம்புப் புற்று என்றால் கையை விட ஒருத்தன். செத்த கொட்டையை விரலால் சுண்டி வாசல் லொங்காங் சாக்கடையில் விழவைப்பார். அதற்கு ஒரு சிரிப்பு வேறு, கேவலமான சிரிப்பு. என் வீட்டுக்காரர் அப்படியே நேர் எதிர். கூட்டாளிகளைக் கரையில் உட்காரவைத்துவிட்டுத் தலைவனே ஆற்றில் குதிப்பான். வாராவாரம் முதல் ஆளாகச் செத்து, காப்பி கலக்கப் போய்விடுவார். அவரைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

விளையாட்டுதானே என்று விட்டிருப்பேன். ஆனால் லோரியின் கை பிரேக் பிடிக்காமல் போனது. தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு செம்மண் மேடு. அங்கே இருந்த கடைக்குச் சரக்கு இறக்க நிறுத்தினால் லோரி பின்னால் உருளும். பிரேக்கைச் சரிசெய்ய அத்தானுக்கு மனசு வரவில்லை. "கெலிண்டான் எதுக்கு இருக்கான்?" என்றார். ஒவ்வொரு நடையும் என் வீட்டுக்காரர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். ஒருநாள் மழை ஈரத்தில் கட்டை வழுக்கிவிட்டது. காலை இழுத்துக்கொண்டதால் பிழைத்தார். சிலுவார் கால்சட்டை சக்கரத்தில் மாட்டிக் கிழிந்து, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து நின்ற மனுஷனிடம் அத்தான் கேட்டது என்ன தெரியுமா? "புதுச் சிலுவாரா தம்பி?"

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அவருக்குத் தெரியாதாடி? பாத்துக்குவாரு" என்றாள்.

"எப்ப பாத்துக்குவாரு? கால் போனப்புறமா?"

அக்கா சட்டி கழுவப் போய்விட்டாள். அவளுக்கு அத்தான் சொன்னால் சாமி சொன்ன மாதிரி.

அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்குமுன்பே சொன்னேன்: "இன்னிக்கு ஒரு சட்டம். கூட்டாளிக்கும் சோழி உண்டு. ஆபத்துல போகச்சொன்னா அவனுக்கும் ஒருதரம் உருட்டணும். பாதிக்கு மேல குப்புற விழுந்தா அவன் போகமாட்டான். அதையும் தலைவன் உருட்டக்கூடாது, வேற ஆளு உருட்டணும்."

அத்தானுக்குக் காப்பி புரையேறியது. "புளியங்கொட்டைக்கு வாயாம்!" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "போன்னா போகணும், நில்லுன்னா நிக்கணும். இல்லாட்டி அவன் என்னா கூட்டாளி?"

"கூட வர்றவன் அத்தான் அவன். முன்னால புடிச்சுத் தள்ளுனா அது கூட வர்றதா?"

"சோறு போடறது யாரு?"

ஆட்டத்தில் ஏது சோறு? அவர் கண் என் வீட்டுக்காரர் மேல் இருந்தது. அடச்சீ என்று ஆகிவிட்டது. அக்காதான் குறுக்கே வந்தாள். "சண்டை வேணாம். இன்னிக்கு ஒருநாள் அப்படி ஆடிப் பாப்போம்."

அத்தான் சோழிகளை என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார். "அப்ப என் ஆளுக்குத் தம்பியே உருட்டட்டும்."

அக்கா மலைப்பாதை வரைந்தாள். வேண்டுமென்றே செய்தாளா, அவள் மனசில் கிடந்தது தானாக வந்ததா, தெரியாது. "மேட்டுல வண்டி பின்னால சரியுது. கீழ ஆறு" என்றாள்.

"ஒருத்தன் பின்னால போய் முட்டுக் கொடு" என்றார் அத்தான்.

"உருட்டுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். சோழிகள் அவர் உள்ளங்கையில் இருந்தன. மெதுவாகத் தரையில் வைத்துவிட்டார். "எதுக்கு? அவன் போவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக நான் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்! வண்டி நிற்குமா என்று அக்கா உருட்டினாள். வண்டி நிற்கவில்லை. அத்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் கொட்டையைச் சுண்டிவிட்டு, கொட்டை போட்டு வைத்திருந்த டின்னுக்குள் கையை விட்டார். "அடுத்த ஆளு."

என் வீட்டுக்காரர் அன்று காப்பி கலக்கப் போகவில்லை. கொட்டை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை, மூட்டை ஏற்றிய லோரி வாசலில் நின்றது. அத்தான் ஹாரன் அடித்தார். என் வீட்டுக்காரர் கைலியோடு வாசலுக்குப் போனார். "பிரேக்கைச் செஞ்சுட்டுக் கூப்புடுங்கண்ணே. இப்ப நான் வரல."

நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. காய்ச்சலா என்று கேட்ட அத்தான், விஷயம் புரிந்ததும் ஆடித் தீர்த்துவிட்டார். தின்ற சோறு, படுத்த பாய் எல்லாம் தெருவுக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். "சரிண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான்.

அத்தான் சுற்றிப் பார்த்தார். பைப்படியில் அக்கா நின்றிருந்தாள். "என்னாடி வேடிக்கை? கட்டையை எடுத்துக்கிட்டு ஏறு."

அக்கா கையைத் துடைத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டையைத் தூக்கினாள். லோரிப் படியில் கால் வைத்தேவிட்டாள்.

"அக்கா! உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மாட்டேன்னு சொல்லு!" என்று கத்தினேன்.

திரும்பினாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "சொல்றேன். சொல்லிட்டு எங்கடி போறது? சாயங்காலம் உனக்கே வீடு இல்ல. சட்டம் போடறியே, என்னையும் கூட்டிட்டுப் போவியா?"

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கூட்டிட்டுப் போறோம். எறங்குங்கக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கே என்று அவருக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அக்கா அவரையே பார்த்தாள். பிறகு இறங்கி, கட்டையை ரோட்டோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள். தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"போங்கடி! எனக்கு ஆளா கெடைக்காது? நான் தனியாவே போவேன்!" அத்தான் எஞ்சினைக் கிளப்பினார். கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்தார். அந்த மேடு எப்படிப்பட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மா எட்டிப் பார்த்து, லோரி பழுதா என்று மலாயில் கேட்டாள். லோரி இல்லை, ஓட்டுகிற ஆள்தான் என்று நானும் மலாயில் சொன்னேன்.

வெயில் ஏறிக் கருவாட்டு நாற்றம் தெருவெல்லாம் பரவியது. மனுஷன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நாங்கள் மூன்று பேரும் பெட்டியோடு வெளியே வந்தபோதும் சீட்டில்தான் இருந்தார்.

"கட்டை யாருடி போடறது?" என்றார் அக்காவிடம். அதட்டல் போய்விட்டிருந்தது; உண்மையாகவே கேட்டார்.

எங்களுக்கு முன்னால் அக்காதான் ரோட்டைக் கடந்தாள்.