விமானக் கட்டுரையில் விட்டுப்போன வரி

பாதி வெயிலில் கிடந்த இரும்புத் தகட்டின் சூடு உள்ளங்காலில் சுரீரென்று ஏறியதுதான் விமானத்தைப் பற்றி எனக்குள்ள முதல் நினைவு. திருச்சி விமான நிலையத்தில் எடை போடும் மேடையருகே அப்பாவுக்கு வேலை. ஒரு நாள் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோன என்னை, விமானம் எதுவும் வராத நேரம் பார்த்து அந்த மேடைமேல் ஏற்றி நிறுத்தி, முள் அடங்கும்வரை காத்திருந்து, "எழுபத்தெட்டுப் பவுண்டு. நீயும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒண்ணுதான்" என்றார்.

அந்தக் காலத்துச் சின்ன விமானங்களுக்குப் பெட்டியை மட்டும் நிறுத்தால் போதாது, ஆளையும் நிறுக்க வேண்டும். கொழும்புக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக ஏறி நிற்க, அப்பா பவுண்டைச் சத்தமாகச் சொல்வார், குமாஸ்தா எழுதிக்கொள்வார். பெண்கள் வெட்கப்படுவார்கள். சில ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதனால் எடை குறையும் என்று நம்பி. பெட்டி கனக்கிறது என்று சொன்னதும் ஒரு வியாபாரி ஓரமாகப் போய், உள்ளேயிருந்த வெண்கலச் செம்புகளை எடுத்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்து மேடையில் ஏறினாராம். "முதலாளி, பெட்டி மெலிஞ்சிருச்சு, நீங்க பெருத்துட்டீங்களே" என்று அப்பா சொன்ன கதையை எங்கள் வீட்டில் எத்தனையோ முறை கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

நாங்கள் வையம்பட்டிப் பக்கத்து வானம் பார்த்த பூமியை விட்டுக் காட்டூருக்கு வாடகைக்கு வந்தவர்கள். குடும்பத்தில் பதினோராம் வகுப்புவரை போன முதல் ஆள் நான். டவுனில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெஞ்சுத் தோழன் ஜப்பார். பெரிய கடைவீதிச் சந்தில் அவன் அத்தாவுக்குப் பூட்டுச் சாவி ரிப்பேர்க் கடை. எந்தப் பூட்டையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தே கோளாறு சொல்லிவிடுவான். கணக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

அந்த வருஷம் பள்ளி ஆண்டுவிழாவுக்காக எங்கள் தமிழய்யா ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தார்: 'கல்வி முறையும் ஆகாய விமானமும்.' ஸ்ரீரங்கத்துக்காரர், திருமண் இல்லாமல் அவர் நெற்றியை நாங்கள் பார்த்ததே கிடையாது. "உன் தோப்பனார் ஏரோட்ரோம்லதானே இருக்கார்? நீ எழுதுடா, பேஷா வரும்" என்று என்னைப் பார்த்தே சொன்னார். நான் ஒரு வாரம் அப்பாவைத் தூங்கவிடாமல் கேட்டுத் தீர்த்தேன். இரண்டு எஞ்சினையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கிளப்புவார்கள். கிளம்பும்வரை சக்கரத்துக்கு முன்னால் கட்டை இருக்கும், அதை இழுப்பதற்கென்றே ஓர் ஆள். கம்பத்தில் கட்டியிருக்கும் 'காத்துப் பை' எந்தப் பக்கம் உப்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக, காற்றின் முகத்தில் மோதித்தான் ஓட வேண்டும். வெக்கை அதிகமான நாளில் அதே விமானம் அதே சுமையைத் தூக்காது, அன்றைக்கு யாராவது ஒருவர் 'எறக்கம்'. அதாவது, பட்டியலில் கடைசி ஆளை இறக்கி உட்கார வைத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுபோய் எழுதினேன். ஆசிரியர் விமானி, பாடப்புத்தகம் எரிபொருள், வறுமை எதிர்க்காற்று, அதில் மோதினால்தான் உயரம். எல்லாம் அழகாகப் பொருந்தப் பொருந்த எனக்கே தலைகால் புரியவில்லை. கடைசியில் ஒரு வாக்கியம்: 'சுமை மிகுந்தால் விமானம் எழாது, மிகுதியை இறக்கிவைப்பது மற்றப் பயணிகளுக்குச் செய்யும் நன்மையே ஆகும்.' ஹெட்மாஸ்டர் அதைக் காலைப் பிரார்த்தனையில் என்னை விட்டே படிக்கச் சொன்னார். ஆண்டுவிழா மேடையிலும் நான்தான் படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

ஜனவரியில் செலக்ஷன் பரீட்சை வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். சர்க்கார் பரீட்சைக்கு யாரை அனுப்பலாம் என்று பள்ளிக்கூடமே முன்கூட்டி வடிகட்டிக்கொள்ளும். தேறமாட்டான் என்று தோன்றுகிறவனை அனுப்பாமலிருந்தால் போனவர்கள் அத்தனை பேரும் தேறிவிடுவார்கள், பள்ளிக்கு நல்ல பெயர். நோட்டீஸ் பலகையில் நிறுத்தப்பட்டவர்கள் பெயர் ஏழு. மூன்றாவது ஜப்பார். கணக்கில் இருபத்தெட்டு.

அவன் அத்தா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார், பாஸானால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் கொழும்பில் மாமுவின் கடைக்குப் போக வேண்டியது. அவரே ஹெட்மாஸ்டரைப் பார்க்க வந்தார். ஜப்பார் கதவுக்கு வெளியே நின்று கேட்டதை என்னிடம் வந்து சொன்னான். "நான் சொல்லலை பாய், உங்க பையன் பக்கத்துல உட்கார்ற பையனே எழுதியிருக்கான்" என்று ஹெட்மாஸ்டர் என் வாக்கியத்தை எடுத்துப் படித்துக் காட்டினாராம்.

"டேய் ஏரோப்ளேன்," என்றான் ஜப்பார், "நான் எத்தனை பவுண்டுடா?"

அவனே சிரித்துவிட்டு, "விழா வரைக்கும் டயம் இருக்கு, லிஸ்ட்டு இன்னும் போகலையாம். தமிழய்யா கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருடா. நீ சொன்னா கேப்பாரு" என்றான்.

அன்றைக்கே ஸ்ரீரங்கம் பஸ் ஏறி உத்தர வீதியில் தமிழய்யா வீட்டுக்குப் போனேன். அவர் சங்கடத்தோடு அங்கவஸ்திரத்தை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நான் என்னடா பண்ணுவேன்? பெரியவா கையெழுத்துப் போட்டாச்சு. எல்லாம் பெருமாள் திருவுள்ளம். நீ உன் காரியத்தைப் பாரு, உச்சரிப்பு சுத்தமா இருக்கணும்."

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி வேறாக இருந்தது. "எறக்கிவிட்ட ஆளு பேருதான் மறுநா லிஸ்ட்ல மொதல்ல இருக்கும்னு சொன்னேனே, அத எழுதினியா?"

சொல்லியிருந்தார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. இறக்கப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், அடுத்த விமானத்தில் அவர் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றவர் பெயரை எழுதுவார்கள், அது அங்கே மீறாத வழக்கம்.

"பொருந்தலப்பா, விட்டுட்டேன்" என்றேன்.

"பொருந்தலையா?" என்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போய்விட்டார்.

விழாவுக்கு இருந்த ஒன்பது நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வரியைக் கட்டுரை ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன். பந்தலில் மேடையேறியபோது எழுதித்தான் இருந்தது. அந்த இடம் வந்ததும் நிமிர்ந்தேன். முன்வரிசையில் ஹெட்மாஸ்டர் வரப்போகிற வாக்கியத்துக்கு இப்போதே தலையாட்டிக்கொண்டிருந்தார். நடத்தை எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டிய என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அவர் பீரோவில் இருந்தது. பழைய வாக்கியத்தைப் படித்தேன். கைதட்டல் அடங்கும்வரை நின்று, வணங்கி, இறங்கினேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

அடுத்த வாரம் ஜப்பார் போட் மெயிலில் கொழும்புக்குப் போனான். நான் வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போகவில்லை.

ஜூனில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. திட்டியிருப்பான் என்று பயந்துகொண்டே பிரித்தேன். 'இந்த வருஷத்துச் சர்க்கார் பரீட்சைக் கணக்குக் கேள்வித்தாள் இருந்தால் அனுப்புடா' என்று மட்டும் கேட்டிருந்தான். அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, நூலால் தைத்த எட்டுத் தாள்கள் வந்தன. முதல் பக்கத்தில் பரீட்சை எண்ணுக்குக் கட்டம் போட்டுக் காலியாக விட்டிருந்தான். 'கடையில கடியாரம் வச்சு எழுதினேன். புத்தகத்தைத் தொடலை, அல்லா பேரில சத்தியம். நீ திருத்தி அனுப்பு.'

இரண்டு முறை திருத்தினேன். இரண்டு முறையும் ஐம்பத்திரண்டு. முப்பத்தைந்து போதும். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு அவன் அங்கே என்ன செய்வான் என்று நினைத்தேன், அனுப்பவில்லை. அவனும் அதற்குப் பிறகு எழுதவில்லை.

பத்து வருஷம் ஆகிவிட்டது. வால் தரையில் படிய உட்கார்ந்திருக்கும் அந்த விமானங்கள் இப்போது திருச்சிக்கு வருவதில்லை. மேடைமேல் பெட்டிகள் மட்டுமே ஏறுகின்றன, ஆளை நிறுப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அப்பாவை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நான் மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். போன திங்கட்கிழமை எங்கள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "சார், நிறுத்த வேண்டிய பேரை எழுதிக் குடுத்துடுங்க. ரிசல்ட் விழுந்தா யாருக்குக் கேவலம்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்றைக்கு என் கட்டுரையில் நான் யோசிக்காத இன்னொன்று அப்போதுதான் உறைத்தது. விமானி, தான் ஏற்றிய பயணிகளோடு அதே விமானத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்களில் யார் அப்படி உட்கார்ந்திருக்கிறோம்?

கணக்கில் தடுமாறுகிறவர்கள் ஆறு பையன்கள். நாளையிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லியிருக்கிறேன். பெயர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஹெட்மாஸ்டர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, அவரே எழுதிவிடுவாரோ என்ற பயமும் விடவில்லை.

நேற்று அந்த எட்டுத் தாள்களைத் தேடியெடுத்து, மேலே ஐம்பத்திரண்டு என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விலாசம் கேட்க இந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைவீதிக்குப் போகிறேன். அவன் அத்தா, "யாரு தம்பி நீங்க?" என்று கேட்டால் சொல்ல வேண்டியதை பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.